சோளத்தோகை தண்ணீரை மிச்சம் பிடிப்பது எப்படி? இலைப் பரப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வறட்சி என்று பேச்சு எடுத்தாலே வேரைப் பற்றியும் ரகத்தைப் பற்றியும் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். இலையின் மேல்தோலைப் பற்றிக் கேட்டால்தான் பதில் சுருங்கிவிடுகிறது. தண்ணீர் வெளியே போகும் வாசல் அங்கேதான் இருக்கிறது. சோளம், கம்பு, மக்காச்சோளம், நெல், கோதுமை ஆகியவற்றின் இலை பற்றி என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் கரிசல்காட்டுக்காரன். அதனால் பேச்சு சோளத்தின் பக்கம் கொஞ்சம் சாயும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேர் உறிஞ்சும் தண்ணீரில் எவ்வளவு பயிருக்குள் தங்குகிறது?

மிகக் கொஞ்சம். வேர் நூறு சொம்பு இழுத்தால் தொண்ணூற்றைந்துக்கும் மேல் இலை வழியே ஆவியாகப் போய்விடும். இதற்கு நீராவிப்போக்கு என்று பெயர். இதை முதன்முதலில் ஒழுங்காக அளந்தவர்களில் ஒருவர் இங்கிலாந்துப் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ். தொட்டியில் வளர்ந்த சூரியகாந்தியைத் தராசில் நிறுத்து நிறுத்துக் கணக்கு எழுதினார். அது 1727-ல் புத்தகமாக வந்தது.

தானியங்களுக்கான கணக்கு 1910-களில் வந்தது. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்து ஆக்ரன் என்ற வறண்ட ஊரில் பிரிக்ஸ், ஷான்ட்ஸ் என்ற இருவர் பலவகைப் பயிர்களைத் தொட்டியில் வளர்த்து, ஒரு கிலோ உலர்ந்த பயிர் உண்டாக எத்தனை கிலோ தண்ணீர் செலவாகிறது என்று பார்த்தார்கள். சோளத்துக்கும் தினை வகைக்கும் 300-ஐ ஒட்டி வந்தது. கோதுமைக்கு 500-ஐ ஒட்டி. மாட்டுக்குப் போடும் குதிரைமசாலுக்கு 800-ஐயும் தாண்டியது.

இந்த வித்தியாசம் முழுவதும் மேல்தோலால் வந்ததில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சோளம், கம்பு, மக்காச்சோளம், கேழ்வரகு எல்லாம் சி4 பயிர்கள். கரியமில வாயுவை உள்ளே செறிவாக்கிக்கொள்ளும் ஏற்பாடு அவற்றுக்கு உண்டு. அதனால் காற்றும் நீராவியும் போய்வரும் பொடி வாசலான இலைத்துளையைப் பாதி திறந்து வைத்தாலே அவற்றின் சமையல் நடக்கும். நெல்லும் கோதுமையும் அந்த ஏற்பாடு இல்லாத சி3 பயிர்கள். அவற்றுக்குக் கதவு அகலமாகத் திறந்திருக்க வேண்டும்.

அப்படியானால் இலைத்துளையை மூடிவிட்டால் வேலை முடிந்ததே?

மூடினால் தண்ணீர் நிற்கும், சாப்பாடும் நிற்கும். கரியமில வாயு உள்ளே வருவதும் நீராவி வெளியே போவதும் ஒரே துளை வழியாகத்தான். போதாக்குறைக்கு, ஆவியாகும் ஒவ்வொரு கிராம் தண்ணீரும் ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை இலையிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கதைதான். துளை மூடிய இலை மத்தியான வெயிலில் சூடேறும்.

துளைகள் திறந்திருக்கும்போதுகூட அவை பிடிக்கும் இடம் இலைப் பரப்பில் 1 முதல் 3 சதவீதம்தான். ஆனால் நீராவிப்போக்கில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் அந்தச் சின்ன இடத்தின் வழியாகப் போகிறது. மிச்சம், மேல்தோலைப் போர்த்தியிருக்கும் கியூட்டிக்கிள் என்ற படலத்தின் வழியாகக் கசிகிறது. தண்ணீர் தாராளமாக இருக்கும்போது இந்தக் கசிவை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வறட்சி முற்றித் துளைகள் மூடியபிறகு செடியின் செலவு முழுக்க இந்தக் கசிவுதான். அந்தக் கட்டத்தில் செடி எத்தனை நாள் தாங்கும் என்பதைக் கியூட்டிக்கிள் தீர்மானிக்கிறது.

சோளத் தட்டையில் சாம்பல் பூசியதுபோல வெள்ளையாக இருக்கிறதே, அது என்ன?

நோய் என்று நினைத்து மருந்துக்கடைக்குப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். நோய் இல்லை, மெழுகு.

கதிர் வரப்போகும் சோளத்தைப் போய்ப் பாருங்கள். தட்டையைச் சுற்றியிருக்கும் இலையுறையில் கட்டைவிரலை வைத்து மேலிருந்து கீழே ஒரு கோடு இழுங்கள். விரலில் வெள்ளை மாவு ஒட்டும், இழுத்த இடம் பச்சையாகத் தெரியும். அந்த மாவை உருப்பெருக்கியில் பார்த்தால் மாவாக இருக்காது. பஞ்சு நூல்போல மெல்லிய இழைகள் சிக்கிக் கிடக்கும். சோளத்தின் புறத்தோலில் சிலிக்கா செல்களுக்குப் பக்கத்தில் தக்கைச் செல்கள் என்று சில உண்டு. அவை இடியாப்ப உரலில் மாவு பிதுங்குவதுபோல மெழுகைப் பிதுக்கி வெளியே தள்ளுகின்றன. அதில் பெரும்பங்கு 28, 30 கார்பன் அணுக்கள் கொண்ட நீண்ட கொழுப்பு அமிலங்கள். வழக்கமான மெழுகைப் போலவே தண்ணீருக்கும் இதற்கும் ஆகாது.

இந்தப் பூச்சு உறையிலும் தோகையின் அடிப்பக்கத்திலும்தான் கனமாக இருக்கும். தோகையின் மேல்பக்கம் அவ்வளவு வெளுக்காது. ஏன் இப்படி என்பது இலை சுருளும் கேள்வியில் வரும்.

வெள்ளைப் பூச்சு தண்ணீரைத் தடுக்கிறதா, வெயிலைத் திருப்பி அனுப்புகிறதா?

இரண்டும் உண்டு. ஆனால் இரண்டையும் செய்வது ஒரே மெழுகு இல்லை.

கண்ணுக்குத் தெரியும் வெள்ளை, மேலே தூவியதுபோல நிற்கும் பகுதி. அதன் முக்கிய வேலை கண்ணாடி வேலை, அதாவது வெயிலைச் சிதறடிப்பது. இன்னொரு மெழுகு கியூட்டிக்கிளுக்கு உள்ளேயே ஊறிக் கிடக்கிறது. நீராவி கசியாமல் நிற்பது பெரும்பாலும் இந்தக் கண்ணுக்குத் தெரியாத மெழுகால்தான். சுவரின் வெளிப்பக்கம் சுண்ணாம்பு அடித்தால் வீடு குளிரும், ஆனால் மழைத் தண்ணீர் இறங்காமல் இருக்கக் காரைக்குள்ளே பதம் இருக்க வேண்டும். அதுமாதிரி.

கோதுமையில் இதை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். கதிர் வரும் சமயம் சில கோதுமை ரகங்களின் உறையும் கதிர்க்காம்பும் நீலம் கலந்த சாம்பல் நிறத்துக்கு மாறும். மற்ற எல்லாக் குணத்திலும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்து இந்தச் சாம்பல் பூச்சு மட்டும் உள்ளதும் இல்லாததுமான ஜோடிகளை உருவாக்கி, 1980-களில் ரிச்சர்ட்ஸ் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளரும் கூட்டாளிகளும் வயலில் ஒப்பிட்டார்கள். பூச்சு உள்ளவை ஒரு டிகிரிக்கும் சற்றுக் குறைவான அளவு குளிர்ச்சியாக இருந்தன, இலை காய்வதும் தாமதமானது. ஒரு டிகிரி கூட இல்லையா என்று உதட்டைப் பிதுக்க வேண்டாம். தானியம் நிரம்பும் ஒரு மாதம் முழுக்க, ஒவ்வொரு பகலும் அந்த வித்தியாசம் இருக்கிறது.

மெழுகு கூடக் கூட நல்லதுதானே?

இல்லை. 1980-களில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஜோர்டன் என்பவரும் மற்றவர்களும் மெழுகு குறைந்த சோளத்தையும் கூடிய சோளத்தையும் வைத்துப் பார்த்தார்கள். மெழுகு ஓரளவுக்குக் கீழே இறங்கினால் கசிவு ஏறுகிறது. அந்த அளவைத் தொட்டபின் எவ்வளவு கூடினாலும் கசிவு அதற்குமேல் பெரிதாகக் குறைவதில்லை. கூரை ஒழுகாத அளவுக்கு ஓலை வேய்ந்தாகிவிட்டது, அதற்குமேல் போடும் ஓலை வீண் என்பது போல.

பூச்சே இல்லாத சோளமும் உண்டு. பளபளவென்று பச்சையாக நிற்கும். பார்க்க அழகு, வறட்சியில் தண்ணீரை வேகமாக விடும். ஆனால் அதற்கும் ஒரு நன்மை இருப்பதை அமெரிக்காவில் கவனித்தார்கள்: அங்கே சோளத்தைப் படுத்தும் பச்சை அசுவினி பூச்சில்லாத தட்டையில் சரியாகத் தங்குவதில்லை. ஒரு குணத்தைக் கூட்டப் போனால் இன்னொன்று எங்கேயோ இடிக்கும். விதை வளர்ப்பவர்களுக்கு இது தினசரித் தலைவலி.

நெல்லில் ஏன் இந்த வெள்ளை இல்லை?

நெல் தண்ணீரில் கால் வைத்து நின்ற பயிர். சோளத்தோடும் மக்காச்சோளத்தோடும் ஒப்பிட்டால் நெல் இலையின் மெழுகு மிகக் குறைவு. 1970-களின் கடைசியில் பிலிப்பைன்சின் லாஸ் பானோசில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஓ'டூல் முதலானவர்கள் இதை அளந்து காட்டினார்கள். துளைகள் மூடியபிறகும் நெல் நிறையக் கசியவிடுகிறது. வயல் வெடித்த மூன்றாம் நாளே நெல் முகம் வாடுகிறது, பக்கத்துப் புஞ்சையில் சோளம் நிமிர்ந்து நிற்கிறது என்றால் வேர் ஆழத்தோடு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் நெல்லுக்கு வேறொரு போர்வை உண்டு. களை எடுக்கும்போது நெல்தோகை கையை அறுத்திருக்கும் இல்லையா? அந்த அரம் சிலிக்கா, அதாவது மணலின் சரக்கு. நெல் மண்ணிலிருந்து இதை வாரி வாரி எடுக்கும் பயிர். தண்டும் இலையும் சேர்ந்த உலர் எடையில் பத்து சதவீதம் வரைகூட சிலிக்கான் சேரும். அது இலையில் மிக மெல்லிய கியூட்டிக்கிளுக்கு அடியில் சுமார் 2.5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிப்பில் இன்னொரு அடுக்காகப் படிந்து, தண்ணீர்க் கசிவைத் தடுக்கிறது. சிலிக்கான் கொடுத்து வளர்த்த நெல்லில் நீராவிப்போக்கு சுமார் 30 சதவீதம் குறைந்ததாக ஆய்வு உண்டு. இதை வேருக்குள் இழுத்துவரும் மரபணுவை 2006-ல் ஜப்பானில் மா ஜியன் ஃபெங் குழுவினர் கண்டுபிடித்தார்கள்.

வைக்கோலில் இருப்பதும் இந்தச் சிலிக்காதான், உமிச் சாம்பலில் பெரும்பகுதியும் அதுதான். போகத்துக்குப் போகம் வைக்கோலை வெளியே அனுப்பிக்கொண்டே இருந்தால் வயல் இதையும் இழக்கிறது. தழை மணி சாம்பல் சத்துக் கணக்குப் பார்ப்பவர்கள் இதைக் கேட்பதே இல்லை என்பது என் பழைய ஆதங்கம்.

இலை சுருண்டால் பயிர் செத்துக்கொண்டிருக்கிறதா?

சுருளுவது சாவு இல்லை, தற்காப்பு. எவ்வளவு சுருண்டது, எப்போது சுருண்டது, எப்போது விரிந்தது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

புல் இனத்து இலைகளின் மேல்பக்கத்தில், நரம்புகளுக்கு இடையே விசிறிபோல வரிசையாகப் பெரிய செல்கள் இருக்கும். பாடப்புத்தகத்தில் மோட்டார் செல்கள் என்று படித்திருப்பீர்கள். இவற்றின் சுவர் மெல்லியது, வயிறு பெரியது, உள்ளே இருப்பது தண்ணீர். தண்ணீர் குறைந்தால் முதலில் இவை சப்பிப் போகும். மேல்பக்கம் சுருங்க, இரண்டு ஓரங்களும் எழுந்து உள்ளே மடங்கும். தண்ணீர் திரும்பினால் ஊதிக்கொண்டு விரியும்.

சுருண்ட குழலுக்குள் காற்று அசையாமல் ஈரமாக நிற்கிறது. வெளியே எவ்வளவு அனல்காற்று அடித்தாலும் உள்ளே இருக்கும் துளைகளுக்கு அது தெரியாது. வெயில் படும் அகலமும் குறைகிறது. இப்போது சோளத்துக்கு வருவோம். சுருளும்போது மேல்பக்கம் உள்ளே போய்விடுகிறது, வெயிலுக்கு முகம் காட்டுவது அடிப்பக்கம். மெழுகு கனமாகப் பூசியிருப்பதும் அந்த அடிப்பக்கத்தில்தான். மத்தியானம் இரண்டு மணிக்குக் காட்டோரம் நின்று பார்த்தால், காலையில் பச்சையாக இருந்த காடு வெளிறி நிற்பது இதனால்தான்.

நெல்லில் சுருளுவதற்கு மதிப்பெண்ணே போடுகிறார்கள். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் அளவுகோலில் விரிந்த இலைக்கு 0. லேசாக மடங்க ஆரம்பித்தால் 1. ஆங்கில வி எழுத்துபோல ஆழமாக மடங்கினால் 3. யு எழுத்துபோலக் குவிந்தால் 5. இரண்டு ஓரமும் தொட்டு ஓ எழுத்துபோல ஆனால் 7. ஊசிபோல இறுகினால் 9. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம், யார் வேண்டுமானாலும் போடலாம்.

என் கணக்கு இன்னும் எளிது. மத்தியானம் சுருண்டு சாயங்காலமே விரிந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ராத்திரிதான் விரிகிறது என்றால் தண்ணீர் நெருக்கடி வந்துவிட்டது. விடியற்காலை ஆறு மணிக்குப் போய்ப் பார்க்கும்போதும் சுருண்டே இருந்தால், ராத்திரி முழுக்க வேருக்கு மண்ணில் ஒன்றும் கிடைக்கவில்லை என்று அர்த்தம். கையில் ஒரே ஒரு நனைப்புக்குத் தண்ணீர் இருந்தால் அந்தக் காட்டுக்குத்தான் முதலில் விட வேண்டும். அதிலும் கதிர் இன்னும் வெளிவராமல் பொதியில் இருந்தால் யோசிக்கவே கூடாது.

சுருளாத ரகம் நல்லதா, சுருளும் ரகம் நல்லதா?

ஒரே காட்டில் ஒன்று சுருண்டு பக்கத்தது விரிந்திருந்தால் இரண்டு விளக்கம் சாத்தியம். விரிந்திருப்பதன் வேர் ஆழத்தில் தண்ணீரைத் தொட்டிருக்கலாம். அல்லது அதற்குச் சுருளத் தெரியாமல் இருப்பதை இழந்துகொண்டிருக்கலாம். நாலு நாள் கழித்து அடி இலைகளைப் பாருங்கள். காய ஆரம்பித்திருந்தால் இரண்டாவது.

இலையில் இருக்கும் ரோமம் தண்ணீரைக் காக்குமா?

கொஞ்சம். ரோமம் இலையை ஒட்டிய காற்றை அசையவிடாமல் பிடித்து வைக்கும், வெயிலைக் கொஞ்சம் சிதறடிக்கும். ரஷ்யாவின் வோல்கா பகுதிக் கோதுமையான சராத்தோவ்ஸ்கயா 29, வறட்சி தாங்குவதற்கும் ரோமம் அடர்ந்த இலைக்கும் பெயர் பெற்றது. ஆனால் ரோமத்தின் பெரிய உபயோகம் பூச்சியைத் தள்ளி வைப்பது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தானியங்களில் தண்ணீர் விஷயத்தில் மெழுகுக்கும் சுருளுவதற்கும் பின்னால்தான் இது வரும்.

இலைத்துளைகளின் எண்ணிக்கையைக் குறைத்தால்?

இதுதான் இப்போது சூடான விஷயம். முதலில் புல்லினத்தின் துளை எப்படி என்று பார்ப்போம். அவரை, பருத்தி போன்றவற்றில் துளையைக் காக்கும் இரண்டு செல்களும் அவரை விதை வடிவில் இருக்கும். நெல், சோளம், கோதுமையில் அவை உடற்பயிற்சிக் கூடத்து டம்பெல் வடிவில் இருக்கும், பக்கத்துக்கு ஒன்றாகத் துணைச் செல்கள் அணைத்துக்கொண்டிருக்கும். இதனால் மிக வேகமாகத் திறந்து மூட முடிகிறது. மேகம் மறைத்தால் உடனே சாத்து, வெயில் வந்தால் திற. வேகமாக மூடுவதே ஒரு சேமிப்பு.

துளையின் எண்ணிக்கையைச் செடி இலை முளைக்கும்போதே முடிவு செய்கிறது. "இங்கே துளை வேண்டாம்" என்று தடுக்கும் ஒரு புரதம் உண்டு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் ஜூலி கிரே குழுவினர் அந்தப் புரதத்தைக் கூடுதலாக உண்டாக்கும்படி பயிர்களை மாற்றினார்கள். 2017-ல் பார்லியில் செய்தபோது துளைகள் வெகுவாகக் குறைந்தன, விளைச்சல் குறையவில்லை. 2019-ல் நம்மூர் விவசாயிகளுக்கும் தெரிந்த ஐ.ஆர்.64 நெல்லில் செய்தார்கள். முளைத்த நாலாவது வாரத்துக்கும் ஐந்தாவது வாரத்துக்கும் இடையில் அந்த நெல் வழக்கமான தண்ணீரில் சுமார் 60 சதவீதம்தான் குடித்தது. காற்றில் கரியமில வாயுவைக் கூட்டி வைத்து, வறட்சியையும் 40 டிகிரி வெப்பத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது, சாதாரண ஐ.ஆர்.64-ஐவிட அதிக நாள் தாங்கியது.

இது சோதனைக்கூடத்துச் செடி. விதைக்கடையில் கேட்டுப் பார்க்க வேண்டாம். துளை குறைந்த இலை எரிக்கும் வெயிலில் எவ்வளவு சூடேறும் என்ற கேள்வியை வயல்தான் தீர்க்க வேண்டும்.

மருந்து தெளித்தால் தோகையில் ஒட்டாமல் உருண்டு விழுகிறது. என்ன செய்வது?

மெழுகு தன் வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான். தாமரை இலைத் தண்ணீர் என்பார்களே, அதற்குச் சோளத்தோகையும் நெல்தோகையும் சளைத்தவை இல்லை. தெளிப்புக் கரைசலில் ஒட்டும் திரவம் சேர்ப்பது இதற்காகத்தான். துளியின் உருளும் குணம் உடைந்து, இலையில் படர்ந்து ஒட்டும்.

ஆனால் அளவோடு. பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவைத் தாண்டிச் சோப்பையோ ஒட்டும் திரவத்தையோ கொட்டினால் மெழுகுப் படலமே கெடும். அதன்பிறகு இலை தண்ணீரையும் விடும், பூஞ்சாணத்தையும் உள்ளே விடும். மத்தியான வெயிலில், இலை சுருண்டிருக்கும்போது தெளிப்பதும் வீண். குழலுக்குள் மருந்து போகாது.

வறட்சிக்குக் கயோலின் அடிக்கச் சொல்கிறார்களே, பலன் உண்டா?

கயோலின் வெள்ளைக் களிமண். 3 சதவீதக் கரைசல், அதாவது லிட்டருக்கு 30 கிராம் என்ற அளவில் தெளிப்பார்கள். சோளம் தானாகப் பூசிக்கொள்ளும் வெள்ளையை நாம் கையால் பூசுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயில் சிதறும், இலை கொஞ்சம் குளிரும். மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். பூத்து மணி பிடிக்கும் சமயத்தில் பத்துப் பதினைந்து நாள் தாக்குப்பிடிக்க வேண்டும் என்றால் செய்யலாம். மேகமூட்டமான நாட்களில் அடித்தால் வெளிச்சத்தைக் குறைத்து நஷ்டம்தான் மிஞ்சும்.

1 சதவீதப் பொட்டாசியம் குளோரைடு தெளிப்பது இன்னொரு வழக்கம். துளையைத் திறந்து மூடுவது பொட்டாசியத்தின் நடமாட்டத்தால்தான் என்பதால் அதில் அர்த்தம் இருக்கிறது. பழைய புத்தகங்களில் துளையை மூடவைக்கப் பாதரச மருந்து ஒன்று எழுதியிருக்கும். அது விஷம், தொடவே வேண்டாம்.

காலையில் நெல்தோகை நுனியில் நிற்கும் துளி பனிதானே? அதைப் பயிர் குடிக்கிறதா?

இலை முழுவதும் பொடிப்பொடியாக இருப்பது பனி. ஒவ்வொரு தோகையின் நுனியிலும் ஓரத்திலும் மணிமணியாக நிற்பது பெரும்பாலும் செடியே வெளியே தள்ளிய தண்ணீர். ராத்திரி துளைகள் மூடியிருக்க, வேர் தள்ளும் தண்ணீர் இலை நுனியில் உள்ள வேறு வகைத் திறப்புகள் வழியே கசியும். அதைப் பார்த்தால் மண்ணில் ஈரம் இருக்கிறது என்று நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். ஒரு கெடுதலும் உண்டு: நெல்லின் பாக்டீரியா இலைக்கருகல் கிருமி உள்ளே நுழையும் வழிகளில் இந்தத் திறப்பும் ஒன்று. காலை ஈரத்தில் வயலுக்குள் நடக்காதீர்கள் என்பது அதனால்தான்.

சுருண்டு வாடிய சோளத்தை மாட்டுக்குப் போடலாமா?

இளம் சோளம் என்றால் கூடாது. சோளத்தில் இயற்கையாகவே ஒரு சயனைடுச் சரக்கு உண்டு. இளம்பயிரிலும் வறட்சியில் குன்றிய பயிரிலும் அது அதிகம். மாடு தின்றால் சற்று நேரத்தில் மூச்சுத் திணறி விழும். மழை பெய்தபிறகு அடியிலிருந்து வரும் புதுத் துளிரும் இதே கதை. கதிர் வந்து முற்றிய தட்டையை அறுத்து நன்றாகக் காயவைத்துப் போட்டால் பயமில்லை. இலைப் பரப்புக்கு இதில் சம்பந்தம் இல்லைதான், ஆனால் சுருண்ட சோளம் என்று பேச்சு வந்தால் இதைச் சொல்லாமல் விட மனம் வருவதில்லை.

கடைசியில், தண்ணீரை அதிகம் சேமிக்கும் இலை உள்ள ரகத்தைத் தேடினால் போதுமா?

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். தண்ணீரைக் குறைவாகச் செலவழிப்பது ஒன்று, இருக்கிற தண்ணீரைச் சரியான நாளில் செலவழிப்பது வேறொன்று. இஸ்ரேலியப் பயிர் அறிஞர் ஆபிரகாம் புளூம் 2009-ல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் அழுத்திச் சொன்னார். சிக்கனத்தை மட்டுமே பார்த்துத் தேர்ந்தெடுத்தால் மெதுவாக வளர்ந்து குறைவாக விளையும் செடிதான் கையில் நிற்கும் என்பது அவர் வாதம்.

எங்கள் கரிசலை எடுத்துக்கொள்ளுங்கள். கோவில்பட்டிப் பக்கம் மழைக்கு முன்னாலேயே புழுதியில் விதைப்போம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்யும், கரிசல் குடித்துவைத்துக்கொள்ளும். மார்கழியில் மழை நின்றுவிடும். கதிர் வருவதும் பால் பிடிப்பதும் அதற்கப்புறம்தான். அதாவது தானியம் முழுக்க மண்ணில் தேங்கிய ஈரத்தில்தான் நிரம்ப வேண்டும். புது வரவு கிடையாது, சேமிப்பிலிருந்து எடுத்துச் சாப்பிடும் வீடு. இப்படிப்பட்ட இடத்தில், பூக்கும் முன் மத்தியான அனலில் துளையை அடக்கி வைக்கும் இலையும், ராத்திரிக் கசிவைத் தடுக்கும் மெழுகும் கைகொடுக்கும். கார்த்திகையில் மிச்சம் பிடித்த தண்ணீர் தை மாதம் மணியாகும்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஆண்ட்ரூ பொரெல் முதலியோர் ஆராய்ந்த, கடைசிவரை பச்சை காயாத சோளத்தின் ரகசியமும் இதுதான். அந்தக் குணம் எத்தியோப்பியாவிலிருந்து வந்தது. பூக்கும் முன் இலைப் பரப்பைக் குறைவாக வைத்து, அந்தத் தண்ணீரைப் பூத்தபின் செலவழிக்கிறது. ஐதராபாத் அருகே பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் என்ற பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தில் கம்பிலும் இதுபோன்ற குணத்தைப் பார்த்திருக்கிறார்கள்: காற்று மிகவும் வறண்டால் சில கம்பு வகைகள் தண்ணீர் செலவை ஓரளவுக்குமேல் ஏறவிடுவதில்லை.

ஆனால் ஆடிப்பட்டத்தில் செவல்மண்ணில் விதைத்துவிட்டு, இடையில் இருபது நாள் காய்ந்து அப்புறம் மழை வரும் இடமாக இருந்தால் கணக்கு வேறு. அங்கே சுருண்டு உயிரைப் பிடித்துக்கொண்டு, மழை வந்ததும் சட்டென விரியும் இலை வேண்டும். செவலில் தேங்கும் ஈரமே குறைவு, அதை எண்ணி எண்ணிச் செலவழித்துப் பயனில்லை. இறவைக் காட்டிலோ இந்தக் குணங்கள் எல்லாம் அவ்வளவாகத் தேவைப்படாது, சில சமயம் விளைச்சலைப் பிடித்தும் இழுக்கும். ஆகவே ரகம் கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, உங்கள் காட்டில் எந்த மாதம் காயும் என்பதுதான்.

இதையெல்லாம் வீட்டில் நாமே பார்க்க முடியுமா?

முடியும். இரண்டு சோதனை சொல்கிறேன்.

துளையைப் பார்க்க, நிறமில்லாத நகப்பூச்சு போதும். தோகையில் ஒரு விரல் அகலத்துக்கு மெல்லியதாகப் பூசிக் காயவிடுங்கள். செல்லோ டேப்பை அதன்மேல் அழுத்தி உரித்தால் மேல்தோலின் அச்சு அப்படியே வந்துவிடும். அதைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிப் பள்ளிக்கூடத்து நுண்ணோக்கியிலோ, மனு பிரகாஷ் குழுவினர் உருவாக்கிய காகித நுண்ணோக்கியான ஃபோல்டுஸ்கோப்பிலோ பாருங்கள். சுவரில் செங்கல் அடுக்கியதுபோலச் செல்களும், அவற்றுக்கிடையே ஒரே வரிசையில் பொத்தான் தைத்ததுபோலத் துளைகளும் தெரியும். நெல்லில் அவை பொடிசாக நெருங்கி இருக்கும், கோதுமையில் பெரிதாக இடைவிட்டு இருக்கும். வெள்ளைப் பூச்சு கனமாக உள்ள அடிப்பக்கத்தில் அச்சு சரியாக விழாது, முதலில் மேல்பக்கத்தில் பழகுங்கள்.

கசிவைப் பார்க்க நகைக்கடைத் தராசு போல ஒன்று வேண்டும். இப்போது இணையத்தில் மலிவாகவே கிடைக்கிறது. ஒரே உயரத்தில் உள்ள சோளத்தோகை ஒன்று, நெல்தோகை ஒன்று. இரண்டையும் சாயங்காலம் வெட்டி, வெட்டிய முனையில் மெழுகுவத்தி உருக்கி அடைத்து, இருட்டான அறையில் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். முதல் அரைமணி நேரத்து எடையை விட்டுவிடலாம், துளைகள் மூட அவகாசம் வேண்டும். அதன்பிறகு மணிக்கொரு தடவை நிறுத்து எழுதுங்கள். தொடக்க எடையில் நூற்றுக்கு எவ்வளவு குறைந்தது என்று இரண்டையும் ஒப்பிட வேண்டும். பக்கத்தில் இன்னொரு சோளத்தோகையும் தொங்கட்டும், அதன் அடிப்பக்கத்து வெள்ளையை மட்டும் பஞ்சால் மெதுவாகத் துடைத்துவிடுங்கள். ராத்திரி பத்து மணிக்குள் நெல்தோகை சுருண்டு நூலாகியிருக்கும். துடைத்த சோளமும் துடைக்காத சோளமும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதை உங்கள் தராசில் பார்த்துக்கொள்ளுங்கள்.